பண்பாட்டு மோதலா, பல்வகை அழுகையா? புலம்பெயர் முஸ்லிம் பதின்பருவப் பெண்களின் மனத்துயரைப் பேசும் மூன்று படைப்புகள்

ஆய்வுச் சுருக்கம்

மேலை நாடுகளில் வாழும் புலம்பெயர் முஸ்லிம் பதின்பருவப் பெண்களின் மனத்துயர், 'இரு பண்பாடுகளுக்கு இடையிலான போராட்டம்' என்னும் ஒற்றை வாய்பாட்டால் பெரும்பாலும் விளக்கப்படுகிறது. ரண்டா அப்தெல்-ஃபத்தா, ஜாஸ்மின் வார்கா, மர்ஜானே சத்ரபி ஆகிய மூவரின் படைப்புகளை எடுத்துக்கொண்டு, அவ்வாய்பாடு போதாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்குக் கூறும் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு நிலைக்களன்கள் பகுப்புக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன. துயரின் காரணம் வேறுபடும்போது அதன் தீர்வும் வேறுபடுகிறது. காரணங்களை ஒன்றாக்கிப் பார்க்கும் வாசிப்பு, துயருற்றவளையே துயருக்குப் பொறுப்பாக்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: புலம்பெயர்வு, பதின்பருவம், முஸ்லிம் பெண்கள், மனநலம், மெய்ப்பாடு, அழுகை, இளிவு.

முன்னுரை

தமிழாய்வுலகில் 'புலம்பெயர் இலக்கியம்' என்னும் தொடர் பெரிதும் ஈழத்தமிழர் படைப்புகளைக் குறித்தே வழங்கி வருகிறது. அப்படைப்புகளை ஆராய்ந்ததன் வழியே இழந்த நிலம், மொழி, தலைமுறை இடைவெளி ஆகியவற்றைப் பேசுவதற்கான சொற்களைத் தமிழ்த் திறனாய்வு உருவாக்கிக்கொண்டுள்ளது. பிற சமூகங்களின் புலம்பெயர் எழுத்தை அணுகவும் அச்சொற்கள் துணைபுரியக்கூடும். அத்தகைய முயற்சிக்கு உரிய களங்களுள் ஒன்று, மேலை நாடுகளில் வளரும் முஸ்லிம் பெண்பிள்ளைகளைப் பற்றிய எழுத்து.

மூன்று படைப்புகள் இங்கு ஆய்வுக்கு உரியன. முதலாவது, ஆஸ்திரேலிய எழுத்தாளர் ரண்டா அப்தெல்-ஃபத்தா 2005ஆம் ஆண்டு வெளியிட்ட 'டஸ் மை ஹெட் லுக் பிக் இன் திஸ்?' என்னும் புதினம். மெல்போர்ன் நகரில் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் அமல், முழுநேரமும் ஹிஜாப் அணியத் தீர்மானிப்பது அதன் கதை. இரண்டாவது, ஜாஸ்மின் வார்கா 2019இல் வெளியிட்ட 'அதர் வர்ட்ஸ் ஃபார் ஹோம்'. கவிதை வடிவில் அமைந்த இப்புதினத்தில், சிரியாவின் கடலோர நகரிலிருந்து அமெரிக்காவின் சின்சினாட்டிக்குக் கருவுற்ற தாயுடன் வந்து சேரும் பன்னிரண்டு வயது ஜூட் கதை சொல்கிறாள். மூன்றாவது, மர்ஜானே சத்ரபியின் வரைகதைத் தன்வரலாறான 'பெர்செபோலிஸ்'. பிரெஞ்சு மொழியில் 2000 முதல் 2003 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்து, தமிழிலும் பெயர்க்கப்பட்ட இந்நூலில், 1984இல் பதினான்கு வயதில் தனியே வியன்னாவுக்கு அனுப்பப்பட்ட மார்ஜியின் நான்காண்டுக் காலம் இங்குக் கவனத்துக்குரியது.

மூவரும் ஒரே நிலையினர் அல்லர். அமல் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவள். புலம்பெயர்ந்தவர்கள் அவளுடைய பாலஸ்தீனப் பெற்றோர். ஜூட் பதின்பருவத்தின் வாசலில் நிற்பவள். மார்ஜியின் குடும்பம் மதச் சடங்குகளில் பெரும் பற்றில்லாத, இடதுசாரிச் சார்புடைய குடும்பம். இவ்வேறுபாடுகள் ஒப்பீட்டுக்குத் தடையல்ல. 'முஸ்லிம் பெண்' என்னும் ஒரே பெயரின் கீழ் எத்தனை வேறுபட்ட வாழ்க்கைகள் வைக்கப்படுகின்றன என்பதற்கு அவையே சான்று.

மோதல் என்னும் வாய்பாடு

பண்பாட்டு ஏற்பு பற்றிய உளவியல் ஆய்வுகளில் கனடிய அறிஞர் ஜான் பெர்ரியின் மாதிரி பரவலாக எடுத்தாளப்படுகிறது. குடியேறியவர் தம் மரபைப் பேணுகிறாரா, புதிய சமூகத்தோடு உறவு கொள்கிறாரா என்னும் இரு வினாக்களைக் கொண்டு அவர் நான்கு நிலைகளை வகுத்தார். இரண்டையும் கொள்வது ஒருங்கிணைவு. மரபை விட்டுப் புதியதைக் கொள்வது கரைதல். மரபை மட்டும் கொள்வது பிரிந்து நிற்றல். இரண்டும் இல்லாதிருப்பது விளிம்புநிலை. குடியேறியவரின் தெரிவைப் புரவலர் சமூகத்தின் மனப்பாங்கு கட்டுப்படுத்தும் என்பதையும் பெர்ரி கூறியுள்ளார். ஆயினும் பொதுவழக்கில் அம்மாதிரி எளிமைப்படுத்தப்படும்போது, பின்சொன்ன பகுதி மறைந்து, முழுப்பொறுப்பும் குடியேறியவளின் தெரிவின்மீதே ஏற்றப்படுகிறது.

இவ்வெளிய வாசிப்பு, வீட்டுக்குள் ஒரு பண்பாடும் வீட்டுக்கு வெளியே மற்றொன்றும் இருப்பதாகவும், இரண்டுக்கும் நடுவில் பெண் சிக்கிக்கொள்வதாகவும் கருதிக்கொள்கிறது. மூன்று படைப்புகளும் இக்கருத்தைத் தொடக்கத்திலேயே கேள்விக்குள்ளாக்குகின்றன. அமலுக்கு ஹிஜாப் அணியும் எண்ணம் தோன்றுவது தொழுகையின்போதோ பெற்றோர் அறிவுரையின்போதோ அன்று. 'ஃப்ரெண்ட்ஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் மறு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அவள் முடிவைக் கேட்டுத் தயங்குபவர்கள் அவளுடைய பெற்றோர்தாம். ஜூட், சிரியாவில் இருக்கும்போதே அமெரிக்கத் திரைப்படங்களைத் தோழி ஃபாத்திமாவுடன் பார்த்து மகிழ்ந்தவள். நடிகையாகும் கனவை அவள் விமானத்தில் ஏறும் முன்பே கொண்டிருந்தாள். மார்ஜியோ தெஹ்ரானில் வாழ்ந்தபோதே கிம் வைல்டின் சுவரொட்டியை அறையில் ஒட்டியவள். அதைத் துருக்கியிலிருந்து மறைத்துக் கொண்டுவந்து தந்தவர்கள் அவளுடைய பெற்றோர்.

ஆக, மூவரும் 'புதிய பண்பாட்டை' முன்பே தமதாக்கிக்கொண்டவர்கள். அவர்களுக்குள் இரண்டு பண்பாடுகள் பகைத்து நிற்கவில்லை. எனில், துயர் எங்கிருந்து வருகிறது?

அழுகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றான அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பேராசிரியர் உரைப்படி இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளிமைப்படுதல். இழவு என்பது உற்றாரையும் உரியவற்றையும் இழத்தல். அசைவு என்பது முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையடைந்து வருந்துதல். வறுமை என்பது விரும்பியதைத் துய்க்கப்பெறாத பற்றுள்ளம்.

செய்யுளில் தோன்றும் மெய்ப்பாட்டுக்கு வகுக்கப்பட்ட இலக்கணத்தை இக்காலப் புதினத்தின் உளவியலுக்கு அப்படியே பொருத்திவிட இயலாது. இங்குக் கடன்கொள்ளப்படுவது ஒரு நுட்பம் மட்டுமே. கண்ணீர் ஒன்றாகத் தோன்றினும் அதன் காரணம் ஒன்றன்று என்பதும், காரணங்களுள் ஒன்றான இளிவு துயருற்றவரிடமிருந்து அன்றிப் பிறரிடமிருந்து பிறக்கிறது என்பதும் அந்நுட்பம். 'மோதல்' என்னும் சொல் கைவிட்ட பாகுபாடு இதுவே.

இழவு: ஜூட்டின் காத்திருப்பு

ஜூட்டின் துயர் முதன்மையாக இழவு. தந்தை கடையை விட்டுவர மனமின்றிச் சிரியாவில் தங்கிவிடுகிறார். அரசியல் மாற்றத்தை விரும்பும் அண்ணன் ஈசா அங்கேயே போராட்டத்தில் நிற்கிறான். ஈசாவிடமிருந்து செய்தி வராத நாட்கள் நீள்கின்றன. அவன் இறந்துவிட்டதாகக் கருதித் துக்கம் காக்கவும் இயலாது. உயிரோடு இருப்பதாகக் கருதி அமைதி கொள்ளவும் இயலாது. அமெரிக்க உளவியல் அறிஞர் பாலின் பாஸ் இத்தகைய நிலையைத் 'தெளிவற்ற இழப்பு' என்று வரையறுத்தார். உடலால் அகன்றவர் உள்ளத்தால் அகலாதிருப்பதால், துக்கம் தொடங்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் நின்றுவிடுகிறது.

வார்கா தேர்ந்த கவிதை வடிவம் இந்நிலைக்குப் பொருந்துகிறது. குறுகிய அடிகளுக்கு நடுவே விடப்படும் வெள்ளை இடம், செய்தி வராத இடமாகவும் ஆங்கிலச் சொல் கிடைக்காத இடமாகவும் ஒருங்கே இயங்குகிறது. ஜூட் பள்ளியில் மௌனமாக இருப்பதை மொழியறியாமையாக மட்டும் கொள்ளும் ஆசிரியர் அதன் பாதியை மட்டுமே காண்பார். அவளுக்குச் சொல் தெரியாமலும் இருக்கிறது. சொல்ல வேண்டிய செய்தி தொலைபேசியின் மறுமுனையில் நின்றுபோயும் இருக்கிறது. இவ்விரண்டுள் முன்னது மொழிப்பயிற்சியால் தீரும், பின்னது தீராது. இழவுக்கு மருந்து தழுவலும் உடனிருப்புமே என்பதைப் புதினம் தாய்மாமன் வீட்டு உறவுகளின் வழி மெல்லக் காட்டுகிறது. தொடக்கத்தில் விலகி நிற்கும் மாமன் மகள் சாரா, பின்னர் ஜூட்டிடமிருந்து அரபி மொழியை அறிய விரும்புவது அத்தகைய திருப்பம். பெற்றுக்கொள்பவளாகவே இருந்த ஜூட் அந்த இடத்தில் கொடுப்பவளாகிறாள்.

இளிவு: பதில் சொல்ல வேண்டியவள்

அமலிடம் இழவு இல்லை. அவளுடைய பெற்றோர் மருத்துவத் துறையினர். வீடு பாசம் நிறைந்தது. ஆங்கிலம் அவளுடைய சொந்த மொழி. பெர்ரியின் சொல்லில் அவள் ஒருங்கிணைந்தவள். மாதிரியின்படி அவள் மனநலம் மிக்கவளாக இருத்தல் வேண்டும். ஆயினும் அவளுடைய பள்ளி நாள்கள் ஓயாத களைப்பாக மாறுகின்றன.

அக்களைப்புக்குக் காரணம் துணியன்று. துணியைக் கண்டவுடன் எழும் வினாக்கள். யாரேனும் கட்டாயப்படுத்தினார்களா என்பது ஒரு வினா. பள்ளிச் சீருடைக்கு இது பொருந்துமா என்பது மற்றொன்று. 2002 அக்டோபரில் பாலித் தீவில் குண்டுவெடிப்பு நிகழ்ந்தபின், அதனைப் பற்றிப் பள்ளி மாணவர் முன் பேசும்படி அமலிடம் கேட்கப்படுகிறது. பாலிக்கும் அவளுக்கும் உள்ள தொடர்பு, குற்றவாளிகள் சொல்லிக்கொண்ட மதப்பெயர் மட்டுமே. அவளோ தன் மதத்தவர் பெயரால் வன்முறை செய்தோருக்காகக் கேட்பவள் பேசுவாளா என்று வினாவைத் திருப்பிவிடுகிறாள். அவ்விடத்தில் புதினம் தன் மையத்தை அடைகிறது. ஒரு கிறித்தவ மாணவி தன்னை மட்டும் குறித்துப் பேசினால் போதும். அமலோ பல கோடிப் பேருக்காகப் பேச வேண்டும்.

பேராசிரியர் இளிவை 'பிறரால்' வருவது என்று கொண்டதன் பொருத்தம் இங்கு விளங்கும். அமலின் உள்ளத்தில் பிளவு இல்லை; பிளவைத் தேடும் கண்கள் அவளைச் சூழ்ந்துள்ளன. அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸ் 1903ஆம் ஆண்டு 'இரட்டை நனவு' என்று விளக்கிய நிலையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. தன்னைப் பிறர் கண்ணால் ஓயாது அளந்துகொண்டிருத்தல் ஒரு மனநோயன்று. ஆனால் அது உள்ளத்தின் ஆற்றலை நாள்தோறும் உறிஞ்சும் உழைப்பு. இவ்வுழைப்பைக் கணக்கில் கொள்ளாமல், ஹிஜாபைக் கழற்றிவிட்டால் சிக்கல் தீருமே என்பவர், இகழ்ந்தவரை விட்டுவிட்டு இகழப்பட்டவளைத் திருத்த முற்படுகிறார்.

ஜூட்டும் பூப்பெய்தியபின் ஹிஜாப் அணிகிறாள். தாய்நாட்டில் பெரியவளானதன் பெருமையாகக் கொள்ளப்படும் அந்நிகழ்வு, சின்சினாட்டியில் மாமன் மனைவி மிஷெலின் கவலைக்குரிய வினாவாக மாறிவிடுகிறது. மிஷெல் தீயவள் அல்லள், அன்புடையவள். இளிவு பகைவரிடமிருந்து மட்டுமின்றிப் பரிவுடையோரிடமிருந்தும் வரக்கூடும் என்பதை வார்கா நுட்பமாகப் பதிவு செய்கிறார்.

அசைவு: மார்ஜியின் சரிவு

மூவருள் கடும் வீழ்ச்சிக்கு உள்ளாகுபவள் மார்ஜி. தெஹ்ரானில் துணிச்சலுக்குப் பெயர்பெற்ற, பெற்றோரின் செல்ல ஒரே மகளான அவள், வியன்னாவில் கன்னியர் நடத்தும் விடுதியில் சேர்கிறாள். ஈரானியரைக் கல்வியற்றோர் என இகழ்ந்த கன்னியருக்கு எதிர்ப்பேச்சுப் பேசி வெளியேற்றப்படுகிறாள். அதன்பின் வீடு மாறி வீடு மாறி, காதலும் முறிந்து, இறுதியில் தெருவில் உறங்கி, நோயுற்று மருத்துவமனையில் கண்விழிக்கிறாள். முன்னை நிலை கெட்டு வேறொன்றாதல் என்னும் அசைவின் இலக்கணம் முழுமையாகப் பொருந்தும் வாழ்க்கை இது.

இச்சரிவின் நடுவே இரு நிகழ்ச்சிகள் உற்றுநோக்கத்தக்கன. பள்ளித் தோழர்கள் சிலர் போரையும் சாவையும் கண்டவள் என்பதற்காகவே அவளை விரும்புகின்றனர். இகழ்ச்சியும் வியப்பும் எதிரெதிராகத் தோன்றினும், இரண்டும் அவளை ஒரு நாட்டின் மாதிரியாகவே காண்கின்றன. பின்னொரு நாள் ஒரு விருந்தில் தான் பிரெஞ்சுக்காரி என்று அவள் பொய் சொல்கிறாள். தன்மானத்தைக் காக்கும்படி பாட்டி சொன்ன அறிவுரை அவளை உறுத்துகிறது. அப்பொய்யைப் பற்றிப் பிற பெண்கள் எள்ளி நகையாடுவதைச் சிற்றுண்டிச்சாலையில் கேட்டதும், தான் ஈரானியள், அதில் பெருமை கொள்பவள் என்று உரக்கக் கூவுகிறாள்.

இக்காட்சியை அடையாள மீட்சியாகக் கொள்ள எளிதில் தோன்றும். ஆனால் நூலின் போக்கு அதற்கு இடந்தரவில்லை. கூவியதற்குப் பின்னரே பெருஞ்சரிவு நிகழ்கிறது. தொல்காப்பிய வழக்கில் கூறின், அது பெருமிதம் அன்று, வெகுளி. பெருமிதம் தன்னிடமிருந்து எழும். வெகுளி பிறர் செய்த தீங்கிலிருந்து எழும். அடையாளத்தை அறிவித்துவிட்டால் மனம் நலம் பெற்றுவிடும் என்னும் நம்பிக்கையைப் 'பெர்செபோலிஸ்' மறுக்கிறது.

தாய்நாடு திரும்பியபின் துயர் தணியவில்லை. வியன்னா வாழ்வைப் பற்றி எவரும் வினவக்கூடாது என்பதே அவள் விதிக்கும் நிபந்தனை. போரில் மாண்டோர், சிறையில் மடிந்தோர் பற்றித் தந்தை எடுத்துரைக்கக் கேட்டபின், தன் துன்பம் சொல்லத் தகுதியற்றது என்று முடிவு செய்கிறாள். தொடர்ந்து கடும் மனச்சோர்வும் மருந்துகளும் தற்கொலை முயற்சியும் வருகின்றன. அவள் பிழைக்கிறாள். புலம்பெயர்ந்த இளையோரின் மௌனத்துக்கு இதனினும் துல்லியமான விளக்கம் கிட்டுவது அரிது. தன்னைக் காக்கப் பெற்றோர் செய்த தியாகம் பெரிதாக இருக்கும்போது, காக்கப்பட்ட இடத்தில் தான் பட்ட துன்பத்தைச் சொல்வது நன்றியின்மையாகத் தோன்றுகிறது. எனவே அவள் நலமாக இருப்பதாக நடிக்கிறாள். அந்நடிப்பை நலமாகவே கொள்ளும் பெற்றோரும் ஆசிரியரும் காலம் கடந்தே உண்மையை அறிகின்றனர்.

வறுமை: மறுக்கப்படும் விருப்பம்

நான்காம் நிலைக்களனான வறுமைக்குத் துணைப்பாத்திரங்களே சான்று. அமலின் துருக்கியத் தோழி லைலா சட்டம் பயில விரும்புகிறாள்; தாயோ அவளுக்கு மணமுடிக்க விரைகிறாள். லைலா வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். வார்காவின் புதினத்தில் அதே பெயருடைய மற்றொரு தோழி, அமெரிக்காவிலேயே பிறந்த லெபனானிய வழியினள். பள்ளி நாடகத்துக்கு ஜூட் முயலும்போது, அத்தகைய வேடங்கள் தங்களைப் போன்ற பெண்களுக்கு உரியவை அல்ல என்கிறாள்.

இவ்விரு லைலாக்களையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலப்படும். முதலாமவளின் விருப்பத்துக்குத் தடை வீட்டில் உள்ளது. இரண்டாமவளின் விருப்பத்துக்குத் தடை மேடையில் உள்ளது. மோதல் வாய்பாடு முதல் தடையை மட்டுமே காணும். இரண்டாம் தடையோ நெடுங்காலம் வெளியிலிருந்து செயல்பட்டு, பின்னர் அவள் குரலாகவே மாறிவிட்டது. விரும்பும் முன்பே விருப்பத்தைக் கைவிடக் கற்ற அந்நிலையே வறுமையின் கொடிய வடிவம். அமெரிக்கா தனக்குப் புதியது என்பதால் ஜூட் துணிகிறாள். அது தன் நாடு என்பதால் லைலா அஞ்சுகிறாள். ஆண்டுகள் கூடக்கூட இணக்கமும் நலமும் தாமே கூடும் என்னும் எதிர்பார்ப்பை இம்முரண் தகர்க்கிறது.

படைப்புகளின் வரம்புகள்

இம்மூன்று படைப்புகளும் குறையற்றவை அல்ல. அப்தெல்-ஃபத்தா, லைலாவின் இன்னலைச் சமயத்திலிருந்து பிரித்துக் கிராமத்து வழக்கத்தின்மீது ஏற்றுகிறார். இஸ்லாமைப் பழியிலிருந்து காக்கும் நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும், அதன் விளைவாகக் கல்வி வாய்ப்பற்ற லைலாவின் தாய் முழுப்பழியையும் சுமக்க நேர்கிறது. நடுத்தர வர்க்க அமலின் பெற்றோர் தெளிவுடையோர்; எளிய பின்னணி கொண்ட தாய் அறியாதவள் என்னும் பகுப்பு, ஓர் இளிவை நீக்க மற்றோர் இளிவை உண்டாக்குகிறது. மகனைப் பிரிந்து வாழும் கிரேக்க அண்டைவீட்டு மூதாட்டியிடம் காட்டிய பொறுமையைப் புதினம் இத்தாயிடமும் காட்டியிருக்கலாம்.

வார்காவின் புதினம் பிள்ளைகளுக்கானது என்பதால் நம்பிக்கையோடு முடிகிறது. நாடகத்தில் வேடம் கிடைப்பது உள்ளத்துக்கு ஊட்டம் தருவதே; எனினும் மேடை வெற்றியால் இழவு ஆறாது. அவ்விரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒன்று மற்றொன்றின் மருந்து எனத் தோன்றிவிடும் இடர் உள்ளது. சத்ரபியோ தன் சரிவை விரைந்த எள்ளலோடு கடந்துவிடுகிறார். மாதக்கணக்கான தெருவாழ்க்கை சில பக்கங்களில் முடிகிறது. ஆயினும் அவ்விரைவைக் குறையாக மட்டும் கொள்ளவியலாது. எவரும் வினவக்கூடாது என்று நிபந்தனை விதித்த பெண்ணின் கதை, அந்நிபந்தனையைத் தானும் ஓரளவு காக்கிறது.

முடிவுரை

மூன்று படைப்புகளையும் ஒருங்கே நோக்கும்போது, பின்வருவன பெறப்படுகின்றன.

முதலாவது, இப்பெண்களின் துயர் இரு பண்பாடுகள் உள்ளத்தில் மோதுவதால் மட்டும் பிறப்பதன்று. ஜூட் இழக்கிறாள், அமல் இகழப்படுகிறாள், மார்ஜி நிலைகெடுகிறாள், லைலாக்கள் மறுக்கப்படுகின்றனர். ஒருத்தியிடம் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் கூடுவதும் உண்டு.

இரண்டாவது, காரணத்துக்கேற்பத் தீர்வு மாறும். இழவுக்கு உடனிருப்பும், அசைவுக்கு நிலையான இருப்பிடமும் பொறுப்புள்ள பெரியோரும், வறுமைக்கு வாய்ப்பும் தேவை. இளிவுக்கான தீர்வோ அவளிடம் இல்லை. அவளை வினவுவோரிடம் உள்ளது. எல்லாவற்றுக்கும் 'இணக்கம்' என்னும் ஒரே மருந்தைத் தருவது, பிறர் தவற்றுக்கு அவளை மருந்துண்ணச் செய்வதாகும்.

மூன்றாவது, மூன்று நூல்களிலும் துயர் சற்றேனும் தணியும் இடங்கள் ஒரு பொதுப்பண்பைக் கொண்டுள்ளன. சாரா அரபிச் சொல்லைக் கேட்கும் இடத்திலும், அண்டைவீட்டு மூதாட்டி அமலோடு தன் மகனைப் பற்றிப் பேசும் இடத்திலும், பாட்டியின் சொல் மார்ஜியிடம் திரும்பும் இடத்திலும், அப்பெண் எவருடைய மாதிரியும் அல்லள், ஒருத்தி. நாட்டையும் சமயத்தையும் விளக்க வேண்டிய கடமை அங்கே அவளுக்கு இல்லை.

மார்ஜி தெஹ்ரானில் தன்னிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்றாள்; அமல் மெல்போர்னில் கேள்விகளால் சோர்ந்தாள். முன்னவளிடம் கேட்கப்படாத கேள்விக்கும் பின்னவளிடம் ஓயாது கேட்கப்பட்ட கேள்விக்கும் இடையிலேதான் இப்பெண்களின் மனநலம் குறித்த உரையாடல் தொடங்க வேண்டியுள்ளது. நீ எதைச் சார்ந்தவள் என்னும் வினா மிகுதியாகக் கேட்கப்பட்டுவிட்டது. நீ எதனால் வருந்துகிறாய் என்னும் வினா இன்னும் போதிய அளவு கேட்கப்படவில்லை.